ஒன்பதாம் பக்கம்

1

இந்தக் கதை ‘இல்ல’ என்ற ஒரு சொல்லில் பிறந்தது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் வேறு ஏதாவது அழகான பொய்யிலிருந்து தொடங்கிவிடுவேன். என் கையை எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் தங்கை ஃபோன் செய்தாள். ஞாயிறு பத்து மணி அவளுடைய நேரம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, தனி ஆள், இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வாரம் முழுக்க வரும் அழைப்புகளில் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கும் அழைப்பு அது ஒன்றுதான். மற்றவை ஆபீஸிலிருந்து வரும், அல்லது ஏதாவது விற்கிறவர்களிடமிருந்து.

அன்று அவள் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“அண்ணா, என் பழைய ஆஸ்பத்திரி ஃபைல் உங்கிட்ட இருக்கா?”

“எந்த ஃபைல்?”

“பத்தொம்பது வயசுல தலைக்குக் கரண்ட் வச்சாங்களே, அந்த ஃபைல்.”

“இல்ல,” என்றேன். “வீடு மாத்தும்போது எங்கயோ போயிடுச்சு. அப்பவே சொன்னேனே.”

ஃபைல் எனக்கு மூன்றடி தூரத்தில், அலமாரியின் மேல்தட்டில், ஒரு தடித்த அகராதிக்கு அடியில் இருந்தது. பேசிக்கொண்டே நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

இதற்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள் மூன்று.

முதலாவது: ‘அவள் தலைக்குள் ஒரு சின்னச் சூரியன் உதித்த அந்தக் காலையில் —’

அடித்துவிட்டேன். சூரியன் ஒன்றும் உதிக்கவில்லை. கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது. அதைச் சூரியன் என்று எழுதுகிறவனுக்கு எதையோ மறைக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது: ‘மூளையில் வரும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளர்ந்து, வேறெங்கும் பரவாமல், இருந்த இடத்திலேயே இருந்து பக்கத்தில் உள்ளதை நெருக்கும் கட்டிகளும் உண்டு. அறுவை சிகிச்சையில் முழுதாக எடுக்க முடியாதபோது, மிச்சம் வளராமலிருக்கக் கதிர்வீச்சு தருகிறார்கள். அதனால் பலர் பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலருக்கு, பல வருடங்கள் கழித்து, கதிர் பட்ட அதே இடத்தில் —’

இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இது என் ஆபீஸ் நடை. நான் மிக்ஸி, நீரேற்றும் மோட்டார், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுகிறவன். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்’ என்பதெல்லாம் நான்தான். யாருக்கு என்ன ஆபத்து வரலாம் என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதித் தருவது என் பிழைப்பு. இதில் உள்ள கேலிக்கூத்தை நீங்கள் போகப்போகப் புரிந்துகொள்வீர்கள். நான் அடிக்கோடு போடப்போவதில்லை.

மூன்றாவது: ‘அந்த டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார்.’

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் ஓட்டினேன். நன்றாகவே வந்தது. அதைப் பற்றி நாலாவது பகுதியில் பேசுகிறேன், இப்போது முகம் கொடுக்க முடியவில்லை.

3

நடந்தது இது.

என் தங்கைக்குப் பத்தொன்பது வயதானபோது வாசல் நிலைகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதலில் வலது தோள், பிறகு இடது. மேசை ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். “நேரா பாக்கறது மட்டும்தான் தெரியுது, சைடு எல்லாம் காணோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாவும் அப்பாவும் இரண்டு வருட இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டிருந்தார்கள். எனக்கு இருபத்தேழு வயது. வீட்டுக்குப் பெரியவன் என்ற பட்டம் கேட்காமலே வந்து சேர்ந்திருந்தது.

சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த பஸ்ஸை அவள் பார்க்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தது நான்தான். மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். அவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளையின் அடியில், கண் நரம்புகள் சேரும் இடத்தை ஒரு கட்டி கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை. மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை மட்டும் எடுக்க முடியவில்லை. அதை விட்டால் மறுபடி வளர்ந்து பார்வையைப் பறித்துவிடும். அதற்குத்தான் கரண்ட்.

(கரண்ட் என்று எல்லாரும் சொன்னார்கள், நர்ஸ்கூட. அது மின்சாரம் இல்லை, கதிர்வீச்சு. அந்தச் சொல்லில் சுவிட்சை அணைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற ஒரு ஆறுதல் இருக்கிறது. அதனால்தான் அது நிலைத்துவிட்டதோ என்னவோ.)

இருபத்தெட்டு நாள். முகத்தின் அச்சில் வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதைப் படுக்கையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை ஒரு நூல்கூட அசையாது. பிறகு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். கனமான கதவு மூடும்.

“என்ன பண்ணுவ உள்ள?” என்று கேட்டேன்.

“எண்ணுவேன்.”

“எதை?”

“சும்மா நம்பர்தான். நூத்து நாப்பதுக்குள்ள கதவு தொறந்துடும். ஒருநாள் நூத்து எழுவது வரைக்கும் போச்சு. எல்லாரும் என்னை மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவள் பார்வை பிழைத்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சிகிச்சை தப்பு இல்லை. யாரும் தவறாக எதையும் வைத்துவிடவில்லை. இன்று வரை அவள் பார்க்கிறாள் என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததால்தான். பிறகு அவள் கண்ணாடிக் கடையில் சேர்ந்து, கண் பரிசோதிக்கப் படித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” என்று தினமும் முப்பது பேரைக் கேட்பாள்.

4

இப்போது அந்த டாக்டர்.

என் மூன்றாவது தொடக்கத்தில் அவர் அவசரக்காரர். கடிகாரத்தைப் பார்க்கிறார், ஃபோனை எடுக்கிறார், காகிதத்தை நீட்டி ‘கையெழுத்துப் போடுங்க’ என்கிறார். அண்ணன்காரன் ஒன்றும் புரியாமல் போடுகிறான். வாசகர்கள் அண்ணனுக்காகப் பரிதாபப்படுவார்கள். நானே படித்துவிட்டுப் பரிதாபப்பட்டேன்.

அப்படி ஒரு டாக்டர் இல்லவே இல்லை. இருந்தவர் ஓர் அம்மா. வயது ஐம்பது இருக்கும். என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாற்பது நிமிடம் பேசினார். ஒரு தாளில் மண்டையை வரைந்து, கதிர் எந்தப் பக்கங்களிலிருந்து போகும் என்று கோடு போட்டுக் காட்டினார்.

“கட்டி இருக்கிற இடத்துக்குப் போற வழியில நல்ல மூளை மேலயும் கொஞ்சம் படும். அதைத் தவிர்க்க முடியாது. ரொம்ப வருஷம் கழிச்சு, பத்து, இருவது, முப்பது வருஷம்கூட ஆகலாம், அந்த வழியில புதுசா ஒரு கட்டி வரலாம். அது நல்ல கட்டியாவும் இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம்.”

“எத்தனை பேருக்கு டாக்டர்?”

“இருவது வருஷத்துல நூறு பேருக்கு ரெண்டு பேர்னு வச்சுக்கோங்க.”*

“அப்ப தொண்ணூத்தெட்டு பேருக்கு வராது.”

“வராது. ஆனா உங்க தங்கச்சி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது இல்லையா? அதனாலதான் சொல்றேன். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். ஆயுசு முழுக்க. வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிடலாம். அவங்க முழிச்சதும் நானே உக்காந்து சொல்றேன்.”

“வேணாம் டாக்டர், நான் சொல்லிக்கறேன். நான் சொன்னா பயப்பட மாட்டா.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு ஏதோ எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது ஃபைலில் ஒன்பதாம் பக்கம்.

* அடிக்குறிப்பு: இது அவர் அன்று, அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துச் சொன்ன கணக்கு. இப்போது கதிரை இன்னும் குறுக்கி, குறிபார்த்து வைக்கிறார்கள் என்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்தக் கதையை நம்பாமல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். (மன்னியுங்கள். எச்சரிக்கை எழுதிப் பழகிய கை.)

5

மூக்கில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்ததும் கேட்டாள்:

“கேன்சரா?”

“சீ, இல்ல.”

“இனிமே வராதுல்ல?”

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘பெரும்பாலும் வராது’ என்று ஒரு வார்த்தை கூடுதலாக. தமிழில் அதற்கு வசதியான சொற்கள் எத்தனையோ இருக்கின்றன.

“வராது,” என்றேன்.

தங்கை என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் பாத்திரம்தான் உதைக்கிறது. அவன் பாசத்தால் மறைத்தான் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் உண்மைதான், முதல் நாளுக்கு மட்டும். இரண்டாம் நாள், பத்தாம் நாள், இரண்டாம் வருடம்? பாசம் அவ்வளவு நாள் தாங்குமா? பிறகு அது வெறும் சங்கடம். சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டுமென்றால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாவது சுமை கொஞ்சம் கூடுகிறது.

ஐந்து வருடம் ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். பழைய கட்டி வளர்கிறதா என்று பார்க்க என்று சொல்லி. ஐந்தும் சுத்தம். ஆறாவது வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பஸ் பணிமனையில் மெக்கானிக். நல்ல மனிதர், கேள்விகள் குறைவு.

“இந்த வருஷமும் போணுமாண்ணா? அந்த மெஷினுக்குள்ள போனாலே எனக்கு மூச்சு முட்டுது. அவர்கிட்ட என்னன்னு சொல்றது?”

டாக்டரம்மா ஓய்வு பெற்று ஊரைவிட்டே போயிருந்தார். வருடா வருடம் கடிதம் போட்டு நினைவுபடுத்த யாரும் இல்லை. தெரிந்தவன் நான் ஒருவன்.

“போதும். நிறுத்திக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க,” என்றேன்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. முதல் பொய்க்கு நான் சாக்கு வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவள் சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது என்பதை —

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

ரகசியம் வைத்திருக்கிறவன் யாரோடும் முழுதாக உட்கார முடியாது. அவள் வீட்டுக்குப் போவேன். மாப்பிள்ளை பணிமனைக் கதைகளைச் சொல்வார். அவள் தலைவலி மாத்திரை போட்டால் என் காது நிமிர்ந்துகொள்ளும். “என்ன வலி? எந்தப் பக்கம்?” என்பேன். “கடைசியா கண்ணு பாக்க வந்தவரு அரை மணி நேரம் படுத்தி எடுத்துட்டாரு, அந்த வலி,” என்பாள். சீக்கிரமே கிளம்பிவிடுவேன். மெல்ல மெல்ல நேரில் போவது குறைந்து, ஞாயிறு பத்து மணி ஃபோன் மட்டும் மிஞ்சியது. எனக்கும் ஒரு பெண் பார்த்தார்கள், ஒருமுறை. இன்னொரு ஆளை வீட்டுக்குள் விட்டால் அலமாரியின் மேல்தட்டை அவள் துடைப்பாளே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

6

இருபது வருடம் ஸ்கேன் இல்லாமல் போனது. போன வருடம் ஒரு நாள் மதியம், கடையின் இருட்டறையில், ஒரு பள்ளி ஆசிரியருக்கு அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியால் ஓர் எழுத்தைத் தொட்டாள். அவர் படித்தார். அவர் படித்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதை அவளே எனக்குச் சொன்னாள். “எழுத்து நல்லாத் தெரியுது. வளைவு, கோடு, எல்லாம். ஆனா அது பேரு என்னன்னு வரல. அவரு அடுத்ததைப் படிச்சிட்டு எனக்காகக் காத்துட்டிருக்காரு. நான் வாயைத் தொறக்கறேன், ஒண்ணும் வரல. ஒரு நிமிஷம்தான் இருக்கும். அப்புறம் சரியாயிடுச்சு. அவரு ‘என்னம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?’ன்னு கேட்டு சிரிக்கறாரு.”

மூன்றாவது முறை அப்படி ஆனபோது மாப்பிள்ளை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே புதிய கட்டி. எலுமிச்சம்பழ அளவு. பழைய இடத்தில் இல்லை. பழைய இடத்துக்குக் கதிர் போன வழியில்.

புதிய டாக்டர் இளைஞர். அவர் கேட்டது ஒன்றுதான். அன்றைக்கு எவ்வளவு கதிர், எந்தத் திசையிலிருந்து, எத்தனை நாள்? அறுவைக்குப் பிறகு மறுபடி கதிர்வீச்சு தேவைப்படலாம். மூளை ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று தெரியாமல் தர முடியாது. பழைய ஆஸ்பத்திரியில் அத்தனை வருடத்துக் காகிதங்களை அழித்துவிட்டார்கள். உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. அப்படித்தான் நான் ‘இல்ல’ என்றேன்.

புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டு ஃபைலை இறக்கினேன். அகராதியின் எடையில் ஒரு பக்கம் அமுங்கிப்போயிருந்தது. மொத்தம் பதினான்கு பக்கம். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் எண். டாக்டருக்கு வேண்டிய கணக்கு பதினோராம் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாம் பக்கம் அவருக்குத் தேவையே இல்லை.

பின்னைக் கழற்றினேன். ஒன்பதை எடுத்தேன். புதிய பின் அடித்தேன். எடுத்ததைக் கிழிக்க இரண்டு முறை முயன்றேன், விரல் வரவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

7

“கெடச்சிடுச்சு,” என்றேன் வாசலிலேயே. “பழைய பெட்டில, அடில.”

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், நீங்க பெரிய உதவி பண்ணிட்டீங்க.” அவர் விரல்களில் கிரீஸ் கறை போகாமல் இருந்தது. டீ போட உள்ளே போனார்.

அவள் சாப்பாட்டு மேசையில் ஃபைலை வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வேலைப் பழக்கம், எதையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்ப்பாள்.

“எட்டுக்கு அப்புறம் பத்து இருக்கு. ஒம்பது எங்க?”

“பழசுதானே, எங்கயாவது விழுந்திருக்கும்.”

அவள் ஃபைலை மூடி, மூலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“பின்னு பளபளன்னு இருக்கு.”

என் கை சட்டைப் பைக்குப் போனது.

“தாளெல்லாம் துருக் கறை இருக்கு. பழைய பின்னோட கறை. புதுப் பின்னு அதுக்குக் கொஞ்சம் தள்ளி அடிச்சிருக்கு.” குரலை உயர்த்தவே இல்லை. நோயாளிகளிடம் பேசும் அதே குரல். “அண்ணா. ஒம்பது எங்க?”

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டுப் படித்தாள். முதலில் மனதுக்குள். பிறகு கடைசி மூன்று வரியை வாய்விட்டு.

“‘பின்னாளில் புதிய கட்டி அல்லது புற்றுநோய் வரக்கூடிய சிறு வாய்ப்பு பற்றியும், ஆயுள் முழுக்க வருடாந்திர ஸ்கேன் அவசியம் என்பது பற்றியும் நோயாளியின் அண்ணனிடம் விளக்கப்பட்டது. நோயாளியிடம் தாமே சொல்லிவிடுவதாக அவர் கூறினார்.’”

அதற்குக் கீழே என் கையெழுத்து. இருபத்தேழு வயதில் எவ்வளவு அலங்காரமாகப் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை மூன்று டம்ளர் டீயோடு வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் நிறுத்திக்கலாம்னு சொன்னாங்கன்னு சொன்னியே, கல்யாணத்துக்கு முன்னாடி,” என்றாள். “அது?”

“சொல்லல.”

“சொல்லல,” என்று திருப்பிச் சொன்னாள், ஓர் எழுத்தைச் சரிபார்ப்பதுபோல. “எத்தனை ஞாயித்துக்கிழமை பேசியிருப்போம் நாம?”

அவள் அழுதாள் என்று இங்கே எழுதியிருக்கிறேன். ஃபைலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். மாப்பிள்ளை தட்டை மேசையில் வைத்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. “போயிட்டு வாங்க மச்சான்” என்றார். ‘வாங்க’ என்பது வெறும் பழக்கத்தில் வந்தது.

8

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் தயாராகத்தான் இருந்தேன். குளித்து, சட்டை மாற்றி, ஃபோனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு. மேல் வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால் ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று மனது கொஞ்சம் சூடாகும். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வேண்டிய நிலை வரும் என்று நினைத்ததில்லை.

அறுவை சிகிச்சை நடந்ததை மாப்பிள்ளை மெசேஜில் சொன்னார். ‘முடிந்தது. பேசுகிறாள்.’ இரண்டே சொற்கள். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. அதை மட்டும் ஃபோனில் சொன்னார்.

“நடுவுல இருக்காம் மச்சான்.”

“என்ன நடுவுல?”

“நல்லதுன்னு சொல்ல முடியாதாம். கேன்சர்னும் சொல்ல முடியாதாம். ரெண்டாவது தரம்னு பேரு. திரும்ப வர வாய்ப்பு இருக்காம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்துட்டே இருக்கணும். கரண்ட் அப்புறம் யோசிக்கலாம்னாரு, அந்தப் பதினோராம் பக்கத்தைப் பாத்துட்டு.”

“முன்னாடியே பாத்திருந்தா?”

“நானும் கேட்டேன். அப்பவும் வந்திருக்கும்னாரு. ஆனா சின்னதா இருந்திருக்கும்னாரு.”

அதன் பிறகுதான் இதை எழுத ஆரம்பித்தேன். ஏழு பகுதிகளை எழுதி, கவரில் போட்டு, மாப்பிள்ளையின் பணிமனை வாசலில் நின்று அவரிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதம் இல்லை, நடந்தது என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்து அதே கவரில் திரும்பி வந்தது. அவள் பென்சிலால் திருத்தியிருந்தாள்.

‘இருபத்தெட்டு நாள்’ என்பதை வட்டமிட்டு: *முப்பது. ரெண்டு நாள் நீ வரல.*

அன்றிலிருந்து அந்த இரண்டு நாளை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கே போயிருந்தேன்? ஒரு நேர்முகத் தேர்வு இருந்ததா? அவள் தனியாகப் போய், தனியாக எண்ணி, தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். பக்கவாட்டில் பஸ் வந்தால் தெரியாத நாட்களில். (மேலே இருபத்தெட்டைத் திருத்தாமலே விட்டிருக்கிறேன். அது என் எண். என் தப்பு தெரிய வேண்டும்.)

‘நான் சொன்னா பயப்பட மாட்டா’ என்பதன் பக்கத்தில்: *நான் பயப்படுவேன்னு யார் சொன்னா?*

‘அவள் அழுதாள்’ என்பதன் மேல் ஒரு கோடு: *அழல. ஜலதோஷம்.*

ஒன்பதாம் பக்கத்தைப் படிக்கும் இடத்தில் எதுவும் எழுதவில்லை. ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்கோடு. பென்சில் ஓரிடத்தில் முனை ஒடிந்து, மறுபடி தொடங்கியிருந்தது.

9

இந்தப் பகுதியை அவள் படிக்கவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும் என்று மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஞாயிறு பத்து மணிக்கு ஃபோன் அடிக்கிறது. இன்னொன்றில் ஸ்கேன் சுத்தமாக வந்து எல்லாரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். மூன்றாவதில் அவள் — இல்லை, அதை இங்கே எடுத்து எழுத மாட்டேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். அவற்றைக் கிழிக்க விரல் உடனே வந்தது.

நேற்று அவளுக்கு முதல் ஸ்கேன். தேதியை மாப்பிள்ளைதான் சொன்னார். “வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல மச்சான். நீங்க பாத்துக்குங்க.”

போனேன். காத்திருக்கும் கூடத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யாரோ ஒருவருடைய வண்டி வழியை மறிக்கிறது என்று ஒலிபெருக்கியில் எண் சொன்னார்கள். அவர் வண்டிதான். எழுந்து வெளியே ஓடினார்.

அவர் போன இரண்டாவது நிமிடம் ஸ்கேன் அறையிலிருந்து ஓர் உதவியாளர் பெண் பிளாஸ்டிக் தட்டோடு வந்தார்.

“டோக்கன் நாப்பத்தொண்ணு கூட வந்தவங்க யாரு?”

யாரும் எழவில்லை. மறுபடி கேட்டார். நான் எழுந்தேன்.

“நீங்க அவங்களுக்கு யாரு?”

“அண்ணன்.”

“இதைப் பிடிங்க. அவங்க வந்ததும் குடுங்க. இங்கேயே நில்லுங்க, வெளிய வந்தா தலை சுத்தும் அவங்களுக்கு.”

தட்டில் ஒரு மோதிரம், இரண்டு ஹேர்பின், அவள் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் காதுப்பிடியில் இன்னும் சூடு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது, ஆணி அடிப்பதுபோல, பிறகு அறுப்பதுபோல. நான் அறை வாசலில் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளை வரவில்லை. சத்தம் நின்றது. கதவின் கைப்பிடி திரும்பியது.

இங்கே நிறுத்துகிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு இரண்டடிக்கு அப்பால் முகம் தெரியாது, உருவம்தான். வெளியே வருகிறவள் தட்டோடு நிற்கும் ஓர் ஆணைப் பார்ப்பாள். தன் வீட்டுக்காரர் என்று நினைத்து, பிடித்துக்கொள்ளக் கையை நீட்டுவாள். அந்தக் கையை நான் பேசாமல் பிடித்துக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம். அல்லது, அவள் விரல் என்மேல் படுவதற்கு முன், “நான்தான்” என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கை பின்வாங்கக்கூடும்.

இதில் எது நடந்தது என்று நான் எழுதினால், முந்திக்கொண்டு பேசினேன் என்றுதான் எழுதுவேன். நன்றாகவும் எழுதுவேன். நீங்கள் நம்பவும் செய்வீர்கள்.

அதனால் எழுதவில்லை. முதல் வரியிலிருந்து என் கூடவே வந்திருக்கிறீர்கள். என் பொய்கள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கதவு திறந்துகொண்டிருக்கிறது, அவள் கை மேலே எழுகிறது. நான் வாயைத் திறந்திருப்பேனா, நீங்கள் சொல்லுங்கள்.